முந்திரித் தோப்பு வேலியில் நிற்பது காயா

கேள்வி: எங்கள் அம்மா வீட்டு நிலம் கடலூரை அடுத்து, திருமாணிக்குழிப் பக்கம் செம்மண் மேட்டில் இருக்கிறது. முந்திரித் தோப்பு. கிழக்கு வேலியில், ஐயனார் கல்லுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு புதர் நிற்கிறது. எந்த மாதம் போனாலும் பச்சையாகத்தான் இருக்கும். இந்தச் சித்திரையில் ஒரு மழை பெய்தது. சில நாளில் அதன் கிளை முழுக்க நீலப் பூ. ஒரு வாரம் கூட முழுதாக நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஆயா அதைக் காசாஞ்செடி என்கிறார். என் கணவர் நொச்சி என்கிறார். செல்போன் செயலி ஒரு தடவை ஒரு பெயரும் மறுதடவை வேறு பெயரும் காட்டுகிறது. காயாம்பூச் செடி என்று கேட்டு ஒரு நர்சரியில் வாங்கிய கன்றும் நீலமாகத்தான் பூத்திருக்கிறது, ஆனால் இதைப்போல் இல்லை. அண்ணன் அந்த நிலத்தை மனை போட ஜேசிபி விடப்போகிறார். அதற்குள் புதரைப் பெயர்த்து வந்து புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நடலாமா? இலை சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே, குடிக்கலாமா? பூவைத் திருவந்திபுரம் பெருமாளுக்குச் சாத்தலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, உங்கள் பக்கத்து வீட்டு ஆயா சொன்னதுதான் சரி. காசா என்றும் காயா என்றும் சொல்வது இதைத்தான். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பூவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அது உங்கள் வேலியில் நிற்கிறது. தாவரவியலில் மெமிசைலான் அம்பெல்லாட்டம் என்பார்கள். பழைய நூல்களில் எடுலே, டிங்டோரியம் என்றும் வரும். செயலி இரண்டு பெயர் காட்டியது அதனால்தான் இருக்கும், அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ஜேசிபி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பொறுக்கும், அது பொறுக்காது. புதரைப் பெயர்க்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அடிமரம் தரைமட்டத்திலேயே நாலைந்தாகக் கிளைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் மணிக்கட்டுக் கனம். காயா மிக மெதுவாக வளரும் இனம். அந்தக் கனம் வருவதற்குப் பல ஆண்டு ஆகியிருக்கும். அதன் ஆணிவேர் செம்மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் செம்பாறைக் கல்லுக்குள் இறங்கியிருக்கும். பக்கவாட்டில் எவ்வளவு பெரிதாகத் தோண்டினாலும் அந்த ஆணிவேர் அறுந்துதான் வரும். மேலே இத்தனை இலையை வைத்துக்கொண்டு கீழே வேர் இல்லாமல் வந்த செடி கத்திரி வெயிலைத் தாங்காது. முதல் மாதம் பச்சையாக இருந்து ஏமாற்றும், அப்புறம் நுனியிலிருந்து காயத் தொடங்கும். நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது நிற்காது.

அண்ணனிடம் பேசுங்கள். புதர் இருப்பது வேலி ஓரத்தில், அதுவும் ஐயனார் கல்லுக்குப் பக்கத்தில். எந்த மனைப் பிரிவாக இருந்தாலும் அந்தக் கல்லை யாரும் தூக்கிப் போடப்போவதில்லை. கல்லைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி விட்டுவிட்டால் காயாவும் பிழைத்துவிடும். அதுவும் முடியாது, இடத்தைத் துப்புரவு செய்தே ஆகவேண்டும் என்றால், அரிவாளால் முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொள்ளட்டும், வேரை மட்டும் கிளப்ப வேண்டாம். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் குணம் காயாவுக்கு உண்டு. நம் கோவில் காடுகளில் விறகுக்கு வெட்டு வாங்கி வாங்கியே புதராகிப்போன காயாக்கள் நிறைய. ஜேசிபியின் கரண்டி வேரைப் புரட்டினால் மட்டும் திரும்ப வராது. ஓட்டுநர் வரும் நாளில் நீங்களோ அண்ணனோ அங்கே நிற்பது நல்லது. புதரைச் சுற்றி நாலு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அவர்களுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும், சொன்னால்தான் தெரியும்.

சரி, இது காயாதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பூவை வைத்து மட்டும் சொல்லவில்லை. பூ ஆண்டில் சில நாள்தான் இருக்கும், இலையை வைத்தே சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த முறை போகும்போது ஒரு சிறு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். காம்பு மிகக் குட்டை, இருப்பதே தெரியாது. இலை தடித்து, தோல்போல் விறைப்பாக, மேல்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். நடுநரம்பு ஒன்றுதான் பளிச்சென்று தெரியும். பக்க நரம்புகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் தேடவேண்டியிருக்கும். காயாவுக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் அடையாளம். கசக்கினால் மணம் எதுவும் வராது. கிள்ளினால் பால் வராது. இலையைப் பறித்துக் காயவைத்தால் மஞ்சளாக மாறும்.

இந்த ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தைக் கழிக்கிறது. நொச்சி என்றால் ஒரே காம்பில் மூன்றோ ஐந்தோ சிற்றிலை விரல்விட்டு நிற்கும், கசக்கினால் மூக்கில் ஏறும். உங்கள் செடியில் இரண்டும் இல்லை, ஆகவே உங்கள் கணவர் இந்த ஒன்றில் விட்டுக்கொடுத்துவிடலாம். நாவல் கன்றும் எதிரெதிர் இலையோடு பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதன் இலையைக் கசக்கினால் மணம் வரும். உங்கள் பக்கத்துக் காடுகளில் காயாவோடு கூடவே வளரும் கொக்கட்டைக்கும் தடித்த எதிரிலைதான், அதைக் கீறினால் மஞ்சள் பால் கசியும். வீரை மரத்தின் இலை எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வரும். பூ இல்லாத காலத்தில் இந்த நாலையும் பிரித்துவிட்டால் வேறு பெரிய குழப்பம் வராது.

பூவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் கிட்டப் படம் மிக நன்றாக வந்திருக்கிறது, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூ கிளை நுனியில் இல்லை. இலை உதிர்ந்த பழைய கிளையின் கணுக்களிலும் இலைக்கக்கத்திலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பூவும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. கீழே இளஞ்சிவப்பு ஓடிய ஒரு குட்டிக் கிண்ணம், அதன் விளிம்பில் நாலு நீல இதழ், நடுவில் எட்டு மகரந்தத் தாள். இதழ் விழுந்த பிறகும் அந்தக் கிண்ணம் இருக்கும். பிஞ்சாகிப் பழமாகும்போது அதன் தலையில் சிறு மகுடமாக அதே விளிம்பு நிற்கும். நீலம் என்று பொதுவாகச் சொல்கிறோம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம். சங்கப் புலவர்கள் இதைச் செறிந்த இலை என்றும் மை நிறப் பூ என்றும் சொன்னது எத்தனை துல்லியம் என்று செடியின் முன்னால் நின்றால் புரியும். கார்காலத்து முல்லை நிலத்தோடு சேர்த்து அவர்கள் பாடியதும் பொருத்தம்தான். மழை விழுந்ததும் ஒரு வட்டாரத்தில் இருக்கும் காயாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்து, ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். அந்தச் சில நாளும் தேனீக்கள் புதரை விட்டு நகராது.

இனி அந்த நர்சரிக் கன்று. மூன்றாவது படத்தில் இருப்பது துரந்தா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அழகுச் செடி. நீலப்பூவும் எதிரிலையும் இருப்பதால் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அதன் பூ கிளை நுனியில் சரமாகத் தொங்குகிறது, இலை மெல்லிசாக இருக்கிறது, ஓரத்தில் பல் தெரிகிறது. காயா இலைக்குப் பல்லே கிடையாது, ஓரம் மழமழவென்று இருக்கும். இந்த வேறுபாடு வெறும் அழகு விஷயம் இல்லை அம்மா. காயாப் பழத்தை ஊர்ப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள், துவர்ப்பும் இனிப்புமாக இருக்கும். துரந்தாவில் காய்க்கும் ஆரஞ்சு மஞ்சள் மணிகள் நஞ்சு. காயாம்பூச் செடி என்று நம்பி வீட்டில் வைத்து, பேரப்பிள்ளைகள் அந்த மணியை வாயில் போட்டால் விபரீதம். துரந்தாவை வைத்துக்கொள்வதானால் பூ முடிந்ததும் சரத்தைக் கத்தரித்துவிடுங்கள், காய்க்க விடாதீர்கள். பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால் எடுத்துவிடுவதே மேல்.

லாஸ்பேட்டை வீட்டில் காயா வளருமா? நன்றாக வளரும். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு உரிய செடி அது. ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில், மீதி மாதங்கள் வறட்சி என்ற நம் பருவத்துக்கே பழகிய காடு. அது இன்று பெரும்பாலும் கோவில்களைச் சுற்றித்தான் மிஞ்சியிருக்கிறது. உங்கள் திருமாணிக்குழியிலேயே ஒரு துண்டு உண்டு, புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோவிலைச் சுற்றி இன்னொன்று. இரண்டிலும் காயாவைப் பார்க்கலாம். உங்கள் வேலிப் புதர் எங்கிருந்தோ வந்தது இல்லை. தோப்பு போடுவதற்கு முன்னால் அந்த மேட்டில் நின்ற காட்டின் மிச்சம் அது, அல்லது கோவில் காட்டில் தின்ற பழத்தைக் கொண்டைக்குருவி கொண்டுவந்து போட்டது. லாஸ்பேட்டையும் மேட்டுச் செம்மண் பூமிதான், மண் மாறினதாகவே அதற்குத் தெரியாது.

வளர்க்கும் வழி விதைதான். குச்சி வெட்டி நட்டால் வேர் பிடிப்பது அரிது, அதில் காலத்தைக் கழிக்க வேண்டாம். சித்திரையில் பூத்தது என்கிறீர்கள், இப்போது பச்சைப் பிஞ்சு பிடித்திருக்கும். அது மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் கருநீலமாக வேண்டும். சிவப்பில் பறித்தால் பயனில்லை. கருத்த பழத்தைத்தான் எடுக்க வேண்டும், தொட்டால் கையோடு வரவேண்டும். பறவைகளும் அதே நாளுக்குத்தான் காத்திருக்கும் என்பதால் பழுக்கத் தொடங்கியதும் ஒரு கிளைக்கு மட்டும் பழைய கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். மற்ற கிளைகளைக் குருவிகளுக்கு விடுங்கள், இத்தனை நாள் விதை பரப்பியது அவைதான்.

பழம் கைக்கு வந்ததும் தள்ளிப்போடக் கூடாது. காயா விதை காய்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். தக்காளி, கத்தரி விதைபோல் காகிதத்தில் மடித்து அடுத்த பட்டத்துக்கு வைக்கலாம் என்று நினைத்தால் ஒன்றும் முளைக்காது. அன்றோ மறுநாளோ பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கிவிடுங்கள், உள்ளே ஒரே ஒரு விதை இருக்கும். சதையோடு போட்டால் எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஈரம் வடிந்த உடனே போட்டுவிடலாம்.

செம்மண், ஆற்றுமணல், நன்றாக மக்கிய இலைக்குப்பை மூன்றும் சம அளவு. சாணி எரு புதிதாக இருந்தால் சேர்க்காதீர்கள். பாலிதீன் பை அகலமாக இருப்பதைவிட உயரமாக இருப்பது முக்கியம். மேலே இரண்டு இலை விடுவதற்குள் கீழே வேர் நீளமாக ஓடும், குட்டைப் பையில் அது சுருண்டுகொண்டு பிற்பாடு மரத்தை நெரிக்கும். விதையை அதன் கனத்துக்குமேல் ஆழமாகப் புதைக்க வேண்டாம். பச்சை நிழல்வலைக்குக் கீழேயோ வேப்பமர நிழலிலோ பையை வைத்து, பூவாளியால் ஈரம் காயாமல் தெளித்து வாருங்கள். ஒரு மாதத்தில் முளைப்பதும் உண்டு, அதைவிட நாள் எடுப்பதும் உண்டு. எல்லாம் ஒரே நாளில் முளைக்காது, ஆகவே முளைக்காத பையைச் சீக்கிரம் கொட்டிவிடாதீர்கள். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பல வீடுகளில் நல்ல விதையெல்லாம் குப்பைக்குப் போகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. தாய்ப் புதரின் அடியில், சருகை விலக்கிப் பாருங்கள். மழைக்குப் பிறகு விரல் நீளத்துக் கன்றுகள் நாலைந்து அநேகமாகத் தென்படும். நாலு இலைக்குள் இருக்கும் கன்றாகப் பார்த்து, சுற்றியுள்ள மண்ணோடு ஆழமாகக் கரண்டிபோட்டு எடுத்துப் பையில் வைத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பெரிய புதரைப் பெயர்க்கும் ஆசையை இந்தச் சின்னக் கன்றில் தீர்த்துக்கொள்ளுங்கள். கோவில் காட்டிலிருந்து மட்டும் கன்று எடுக்கக் கூடாது, பழம்கூடக் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. வாங்குவதானால் ஆரோவில் பக்கம் உள்ளூர்க் காட்டுமரக் கன்று வளர்க்கும் நாற்றங்கால்களில் விசாரிக்கலாம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது பொட்டலாகக் கிடந்த அந்தச் செம்மண்ணில் இந்தக் காட்டைத்தான் திரும்பக் கொண்டுவர உழைத்து வருகிறார்கள். காயா என்றோ காசா என்றோ கேளுங்கள், வாங்குமுன் மேலே சொன்ன இலை அடையாளத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

பையில் ஒரு வருஷமாவது இருந்து முழங்கால் உயரம் வந்தபின், புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை முழுக்க அதற்குக் கிடைக்க வேண்டும். ஒன்றரை அடிக் குழி போதும். உங்கள் வாசலில் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் அதைத் தவிர்த்து மேடான இடம் பாருங்கள். வறட்சி தாங்கும், வேரடியில் நிற்கும் தண்ணீர் தாங்காது. முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள், அடியில் சருகு மூடாக்கு போடுங்கள். போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் இளஞ்செடிக்கு அதை ஊற்றாதீர்கள், இலை நுனி கருகும். அரிசி கழுவிய நீர் நல்லது. யூரியா வேண்டாம். பூச்சி பெரிதாக வராது.

வெயிலிலும் வரும், பாதி நிழலிலும் வரும். வெயிலில் இலை நெருக்கமாக அடையும், பூ அதிகம். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் போதும். ஆளுயரத்தில் புதராகவும் வைத்திருக்கலாம், விட்டால் சிறு மரமாகவும் போகும். காற்றைப் பற்றியும் நம் ஊரில் யோசிக்கத்தானே வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரிக் கரையில் ஏறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை மறக்க முடியுமா? தாழ்ந்து அடர்ந்து நிற்கும் இந்தக் குறுமரங்களைக் காற்று பிடித்துத் தள்ள இடம் குறைவு, கட்டையும் மிக வலுவானது. வாசலுக்கு ஒரு செடி தேடும் கடற்கரைக்காரர்களுக்கு இதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

கத்தரிப்பதில் மட்டும் கவனம். வேலிச் செடிபோல் மாதாமாதம் சதுரமாக வெட்டி நிறுத்தினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. பூப்பது பழைய கிளையில் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் கிளையை நாமே வெட்டிவிடுகிறோம். காய்ந்ததையும் வழியை மறிப்பதையும் மட்டும், பழம் முடிந்த பின் எடுத்தால் போதும். விதையிலிருந்து வளர்ந்த செடி முதல் பூ விடச் சில ஆண்டு ஆகும். அதுவரை அது வளர்கிறதா என்றே சந்தேகம் வரும், அடிமரத்தைப் பிடித்துப் பாருங்கள், கனம் ஏறியிருக்கும்.

சர்க்கரைக்கு இலைக் கஷாயம் வேண்டாம். எலி, சுண்டெலிகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள், அதை வைத்து மனிதர் குடிக்க அளவு சொல்ல முடியாது. தவிர, காயா தன் இலையில் அலுமினியத்தைச் சேர்த்து வைக்கும் இனம். சாயக்காரர்களுக்கு அது உதவியது. சாயவேரோடு காயா இலையையும் சேர்த்துத் துணிக்கும் கோரைப் பாய்க்கும் சிவப்பு ஏற்றினார்கள், சாயத்தைப் பிடித்து நிறுத்தப் படிகாரம் செய்யும் வேலையை இலை செய்தது. வயிற்றுக்கு அது தேவையில்லாதது. நீங்கள் எடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

திருவந்திபுரம் பெருமாளுக்குத் தாராளமாகச் சாத்தலாம், அவர் நிறத்துப் பூ அல்லவா. தனிப் பூவாகக் கிள்ளினால் கூடைக்குள்ளேயே உதிர்ந்துவிடும், மாலை கட்டவும் வராது. பூத்த மறுநாள் காலை வெயில் ஏறுமுன், கொத்து ஒட்டியிருக்கும் சிறு கிளையாக ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தாய்ப் புதரிலிருந்து அப்படி ஒரு தடவைக்கு மூன்று நாலு கிளைக்குமேல் வேண்டாம். அடுத்து எப்போது பூத்தாலும், கொசுவலை கட்ட ஒதுக்கிய கிளையை மட்டும் தொடாதீர்கள், அதன் பழம் நாற்றுக்கு வேண்டும்.